முகூர்த்த நேரத்தில் இரண்டு ஏஸ்

என் மூக்குக்கண்ணாடியில் என் சீட்டுகளின் பிம்பம் விழுகிறது, அதை செல்போனின் முன்பக்கக் கேமரா வழியாக சீட்டாட்டச் செயலியின் கம்பெனிக்காரன் பார்க்கிறான், பார்த்து எதிராளிகளுக்குச் சொல்லிவிடுகிறான், அதனால்தான் நான் தோற்கிறேன் என்று நாற்பத்தாறு வயதில் மனப்பூர்வமாக நம்பினேன்.

சீட்டைப் போடுகிறவனே அவன்தான், என் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு என் கண்ணாடி தேவையில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. (நான் கணக்கு வாத்தியார். கடலூரில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறேன். இதை அடைப்புக்குறிக்குள் சொல்வதற்குக் காரணம் வெட்கம்.)

ஆன்லைன் போக்கர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கையில் இரண்டு சீட்டு தருவார்கள். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரிப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து யாரிடம் பெரிய சேர்க்கை அமைகிறதோ அவர் ஜெயித்தார். எதிரே ஆடுகிறவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பணம் கட்டி ஆடும் செயலிகளுக்குத் தடை வராத காலம் அது. முதல் மாதம் ஜெயித்தேன். அது என் மூளை என்று எடுத்துக்கொண்டேன். அடுத்து வரிசையாகத் தோற்க ஆரம்பித்தேன். அதையும் என் மூளை என்று எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

போன பணம் ஒன்றும் பெரிதில்லை. வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. என்னை அரித்தது எண்ணிக்கைதான். ஐந்து நாள், ஆறு நாள், ஏழு நாள். ஒன்பது முறை தலை விழுந்த நாணயத்துக்கு அது ஞாபகம் இருக்காது, பத்தாவது முறையும் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்று காலையில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஏழு நாள் தோற்றாயிற்று, எட்டாவது நாள் கொடுத்துத்தானே ஆகவேண்டும் என்று நியாயம் கேட்பேன். யாரிடம் என்று கேட்காதீர்கள். செல்போனிடம்.

எட்டாவது நாள் கேமராவின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டினேன். என் மனைவி செல்வி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, போனுக்கு எங்கனா அடிபட்டுருச்சா?"

"கேமரால தூசி போவுது."

"தையல் எதுனா போடணுமா?"

பிளாஸ்திரி போதாது என்று கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு ஆடினேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஆறும் எட்டும் ஒன்றுதான். எட்டு என்று நினைத்து ஆறின் மேல் பந்தயம் கட்டித் தோற்றேன். அந்தத் தோல்விக்குக் கம்பெனிக்காரனைக் குறை சொல்ல முடியவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

பத்தாவது நாள் தினசரி காலண்டரிடம் போனேன். ராகு காலத்தில் போனைத் தொடவில்லை. சந்திராஷ்டம நாளில் செயலியின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நல்ல நேரத்தில் மட்டும் கிழக்கே பார்த்து உட்கார்ந்து ஆடினேன். தோற்றேன். அப்போதுதான் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. காலண்டரில் போட்டிருப்பது ஊருக்கெல்லாம் பொதுவான நல்ல நேரம். எதிராளியும் நம்ம பக்கத்து ஆளாக இருந்து அதே காலண்டரைப் பார்த்தால்? எனக்கென்றே தனியாகக் கணித்த நேரம் வேண்டும்.

அப்படி ஒரு நேரம் என் கைவசம் இருந்தது. என் தங்கை மகளின் காதுகுத்து முகூர்த்தம்.

தங்கை சுமதியைப் புவனகிரியில் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் குழந்தையில்லாமல், போகாத ஆஸ்பத்திரியில்லாமல், கேட்காத பேச்சில்லாமல், கடைசியில் பிறந்தவள் யாழினி. அவளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். சுமதிக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் ஜோசியரிடம் நாள் குறிக்கும்போது குழந்தையின் நட்சத்திரத்தோடு என் நட்சத்திரத்தையும் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து பத்தே கால் வரை.

யாழினிக்கு ஊசி என்றாலே நடுக்கம். ஒரு மாதமாக, புவனகிரி போகும்போதெல்லாம் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். மடியில் உட்கார வைத்து, காது மடலை லேசாகக் கிள்ளி, கோழி மாதிரி கத்துவேன். விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"மாமா மடில உக்காந்தா வலிக்காது."

"நெசமா வலிக்காதா?"

"மாமா என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

அதன்பிறகு அவள் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "நான் மாமா மடில உக்காருவேன், எனக்கு வலிக்காது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். சுமதி போனில் சொன்னாள்.

சிதம்பரத்தில் வடக்கு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்ன மண்டபம். கடலூரிலிருந்து வேனில் சீர்த்தட்டுகளோடு இறங்கினோம். பட்டு வேட்டியில் நானே என்னைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கும்படி இருந்தேன். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். அன்று தோல்வியின் பதினைந்தாவது நாள். என் திட்டம் சுலபமானது: ஒன்பதரைக்கு முகூர்த்தம் பிறந்ததும் மாடி அறையில் பத்தே நிமிஷம் ஆடுவது. நேரம் எனக்காகக் கணிக்கப்பட்டது. அதன் முதல் பத்து நிமிஷம் எனக்கு, மீதி குழந்தைக்கு. (பங்கு பிரிப்பதில் நான் எப்போதும் நியாயஸ்தன்.)

ஒன்பதரைக்கு மாடியேறித் தாழ்ப்பாள் போட்டேன். கண்ணாடியைக் கழற்றினேன். முதல் ஆட்டம் ஜெயித்தேன். இரண்டாவதும் ஜெயித்தேன். பதினான்கு நாளாக வராத சீட்டெல்லாம் சேர்ந்து வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜோசியருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஒன்பது ஐம்பதுக்குச் சுமதி போன் செய்தாள். துண்டித்தேன். அவள் கணவர் குமார் செய்தார். துண்டித்தேன். பிறகு கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, ஆசாரி வந்து உக்காந்துட்டாரு. வா."

'வரேன்' என்று சொல்லியிருக்கலாம். போக்கரில் பாதியில் எழுந்து போக எந்தத் தடையும் கிடையாது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சுமதி, வயிறு ஒரு மாதிரியா இருக்குது. ரெண்டு நிமிஷம்."

அந்த ஒரு சொல் மண்டபம் முழுக்கப் பரவ அரை நிமிஷம் ஆகியிருக்கும். மாடிப்படியில் திமுதிமுவென்று கால் சத்தம்.

"மச்சான், என்னாச்சு? டாக்டர இட்டாரட்டா?" இது குமார்.

"ஓமத்தண்ணி குடுங்க, கப்புனு நின்னுரும்."

"சோடால எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஒரு கல்லு உப்பு போடு."

"காலைல கொத்சு ஜாஸ்தி ஊத்திக்கிட்டாரு. நான் பாத்தேன்." (யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் விட மாட்டேன்.)

நான் உள்ளேயிருந்து உண்மையான நோயாளியைப் போல முனகினேன். முனகிக்கொண்டே ஒரு பந்தயத்தை ஏற்றினேன். அப்போது எல்லாச் சத்தத்துக்கும் கீழே, கதவின் அடிப்பாகத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாமா, நான் வெயிட் பண்றேன்."

"தோ வந்துட்டேன்டா கண்ணு," என்றேன்.

அந்த நொடியில் எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. கையில் வரக்கூடியதில் அதைவிடப் பெரிய ஜோடி இல்லை. கண்ணாடி இல்லாமலும் தெரிந்தது.

வெளியே பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆசாரிக்குப் பதினொரு மணிக்கு வேறொரு இடத்தில் காதுகுத்து. நேரம் முடியப் போகிறது. சுமதி கடைசியாக ஒருமுறை கதவில் கை வைத்தாள். தட்டவில்லை. "பத்து நிமிஷந்தாண்ணா இருக்குது" என்றாள். எதிராளி அப்போதுதான் பந்தயத்தை இரண்டு மடங்காக்கியிருந்தான். கால் சத்தங்கள் ஒவ்வொன்றாகப் படியிறங்கிப் போயின.

இருந்ததையெல்லாம் மொத்தமாக வைத்தேன். அவனும் வைத்தான். மொத்தமும் வைத்துவிட்டால் இருவர் சீட்டும் திரையில் தெரியும். அவனிடம் இரண்டு ஏழு. நடுவில் சீட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூன்றாவதாக ஓர் ஏழு வந்தால்தான் அவன் என்னை ஜெயிக்க முடியும். ஏழு வரவில்லை. சரியாக அப்போது கீழே கெட்டிமேளம் முழங்கியது. எனக்குத்தான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், கையைக்கூட உயர்த்திவிட்டேன். குழந்தையின் அழுகை வெளியே கேட்காமலிருக்கத்தான் காது குத்தும்போது மேளத்தை அவ்வளவு உரக்க வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஐந்தாவது சீட்டு ஏழு.

கதவைத் திறந்தபோது செல்வி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கையில் சோடா. என் முகத்தைப் பார்த்தாள், பிளாஸ்திரி ஒட்டிய போனைப் பார்த்தாள்.

"ஜெயிச்சீங்களா?"

"இல்ல."

"கீழ முடிஞ்சிருச்சு."

"யார் மடில?"

"சேகர் மடில."

சேகர் என் சித்தப்பா மகன். திட்டக்குடியில் உரக்கடை வைத்திருக்கிறான். நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவன். அவன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவன் விற்ற உரத்தில் பயிர் அறுவடைக்கு வந்துவிடும் என்று எல்லா விசேஷத்திலும் நான் சொல்லுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். அண்ணன்முறை யாராவது உட்காருங்க என்று கேட்டதும், அவன் பேன்ட் மேல் ஒரு துண்டை விரித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்திருக்கிறான்.

நான் படியிறங்கிப் போனேன். யாழினி சுமதியின் இடுப்பில் இருந்தாள். இரண்டு காதும் சிவந்து வீங்கி, நான் சீராகக் கொண்டுபோன தோடு அதில் மின்னியது. அழுது முடித்து விக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி என் வயிற்றைத் தொட்டாள்.

"மாமா, உனக்கு ரொம்ப வலிக்குதா?"

எந்த மேடையில் மைக்கைக் கொடுத்தாலும் நாற்பது நிமிஷம் பேசுகிறவன் நான். அன்றைக்குச் சுமதிதான், "மாமாவுக்குச் சரியாயிடுச்சுடா" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

திரும்பி வரும்போது வேனில் செல்வி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "வயித்து வலின்னு சொல்லிட்டீங்க. இனிமே அதையாச்சும் ஒழுங்கா காப்பாத்துங்க."

அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. செயலியை அழித்தேன், மூன்றாம் நாள் மறுபடி இறக்கினேன், இன்னும் நான்கு நாள் தோற்றேன். பிறகு ஒருநாள் சாயங்காலம் போனைச் செல்வியிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்றேன். கேட்டேன். தரவில்லை. நின்றது இப்படித்தான்.

நிற்காதது இன்னொன்று. குமார் அன்றைக்கே சமையல்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். நூற்றைம்பது பேர் சாப்பிட்ட கொத்சு ஒருத்தருக்கு மட்டும் எப்படிங்க ஒத்துக்காமப் போவும் என்று அந்த மனிதர் கேட்ட நியாயமான கேள்வியை யாரும் காதில் வாங்கவில்லை. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் பந்தியில் என் இலைக்கு முன்னால் யாராவது கையை நீட்டி மறிப்பார்கள்: "அவருக்குக் கொத்சு ஊத்தாதீங்கப்பா, அப்புறம் கதவ ஒடைக்கணும்." மண்டபத்துக்குள் நுழைந்ததும் குமார் எனக்குப் பாத்ரூம் இருக்கும் திசையைக் காட்டுவார். போன மாதம் திட்டக்குடியில் சேகர் வீட்டுப் புதுமனை புகுவிழாவிலும் நடந்தது. யாழினி இப்போது ஒன்றாம் வகுப்பு. அவள் எழுந்து நின்று, "மாமாவுக்கு அன்னைக்கு நெசமாவே வலிச்சுது, யாரும் சிரிக்காதீங்க" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லோரையும்விட உரக்க.

வலிக்கவில்லை. அன்று என் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று வெயிட் பண்ணுகிறேன் என்று சொன்னபோது நான் சீட்டாடிக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் இரண்டடி தூரத்தில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.