சுவாசநோய்த் தடுப்பு வாரம்

தேசத்தின் எதிர்காலம் பன்றியின் நுரையீரலில் இருக்கிறது என்பதை முதலில் உணர்ந்தது எங்கள் திருச்சி ஜில்லாதான். 1961-ல் துவாக்குடிப் பொட்டலில் நடந்த 'பன்றிச் சுவாசநோய்த் தடுப்பு வார'த்தை நேரில் கண்டவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

நடத்தியவர் விசேஷ அதிகாரி சாரங்கபாணி, ஸ்ரீரங்கத்துக்காரர். ஃபைலுக்கு வெளியே பன்றியைப் பார்த்ததில்லை. ஆகவே பாரபட்சமின்றி நிர்வகித்தார். வாசலில் பலகை வைத்தார்: 'நெருக்கி அடைக்காதே. காற்றை மறிக்காதே. தரையை ஈரமாக்காதே. வெளியூர்ப் பன்றியைச் சேர்க்காதே.'

இதை விளக்குவதற்காக ஜில்லா முழுவதிலுமிருந்து பன்றிகள் லாரியில் வந்து ஒரே கொட்டகையில் இறங்கின. நாற்றம் விருந்தினரை எட்டக் கூடாதென்று கொட்டகையைச் சுற்றித் தட்டி அடைத்தார்கள். சுத்தம் தெரிவதற்காகத் தரையை ஓயாமல் கழுவினார்கள்.

விருந்தினர் பந்தல் தனி. நான்கு பக்கமும் திறப்பு, காய்ந்த மணல், நாற்காலிகளுக்கிடையே தாராளமான இடம். அழைப்பில்லாதவர் நுழைய முடியாது.

கண்காட்சிக்கு 'நோயற்ற மாதிரிப் பன்றி' ஒன்று குறைந்தது. அரியமங்கலம் ரோசரியிடம் இருந்தது. அவளுடைய சொத்தே அந்த ஒரு பன்றிதான்.

"சினையா இருக்குங்க. இந்த வாரம் குட்டி போட்டுடும். இதை விட்டுடுங்க ஐயா."

"ஆரோக்கியமா ஒண்ணாவது இருந்தாத்தானேம்மா தடுப்பு பலிக்குதுன்னு காட்டலாம்?"

"அங்க வந்து இருமுனா?"

"கண்காட்சியில இருமறதுக்கு அனுமதி இல்லை."

பன்றி வந்தது. இரண்டாம் நாள் கொட்டகையே இருமியது. சாரங்கபாணியின் சொற்பொழிவு காதில் விழவில்லை. அவர் தாமதிக்காமல் நடவடிக்கை எடுத்தார்: ஒலிபெருக்கியின் சத்தம் கூட்டப்பட்டது.

கடைசி நாள் ரோசரி, வயிறு எக்கி எக்கி மூச்சுவிடும் பன்றியைக் கயிற்றோடு பந்தலுக்கு இழுத்து வந்தாள்.

"எங்கேம்மா வரே? இது விருந்தாளிங்க இடம்."

"பலகையில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டச் சொன்னேங்க. அதெல்லாம் இங்கதான் இருக்கு. ஒரு ஓரமாக் கட்டிக்கிறேன்."

"வெளியூர்ப் பன்றியைச் சேர்க்கக் கூடாது. அதையும் படிச்சுக் காட்டச் சொல்லு."

பந்தற்காலுக்கு வெளிப்பக்கமே பன்றி சாய்ந்தது. வயிற்றிலிருந்த குட்டிகளும் அதோடு போயின. ரோசரி கயிற்றை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சாரங்கபாணி நிறைவுரையை நிறுத்தவில்லை. "விதிகளை அனுசரித்த இடத்தில் ஓர் உயிர்கூடச் சேதமில்லை" என்றார்.

அது முழு உண்மை. பந்தலில் இருந்த நாங்கள் அனைவரும் நலம்.