காளானுக்குப் பத்து வாளி

ஜைனுதீனுக்கு ஈரம் என்றாலே ஆகாது. இருபது வருடமாக மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். நனைந்த மூட்டையைக் கண்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர்தான் எழுபத்துமூன்றாம் வருடம் ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு நடுவே, தான் காளான் வளர்க்கப்போவதாக அறிவித்தார்.

மனைவியின் அக்கா புருஷன், மச்சான் ஸக்கரியாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. ஜைனுதீன் வளர்த்த முயல்கள் வேலியைத் தாண்டின. தேனீக்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வளவுக்குக் குடிபோயின.

"வித்துப் போட்ட இருபத்தஞ்சாம் நாள் மதினியையும் கூட்டிக்கிட்டு வாங்க மச்சான். சோறும் காளான் ஆணமும் என் வீட்டுல" என்று சொல்லிவிட்டார் ஜைனுதீன். இதுவும் கவிழ்ந்தால் மனைவி வீட்டார் முன்னால் இனித் தலை நிமிர முடியாது.

அரசாங்கத்து விவசாயக் கந்தோரில் ஒரு போத்தல் காளான் வித்தும், வளர்க்கும் முறை அச்சடித்த ஒரு தாளும் தந்தார்கள். தமிழ்த் தாள்கள் முடிந்துபோயிருந்தன, கிடைத்தது சிங்களம். ஜைனுதீன் சிங்களத்தில் பேரம் பேசினால் எதிராளி வாயடைத்துப் போவான். ஆனால் எழுத்து என்று வந்தால் அவருக்கு எல்லாமே வட்டம் வட்டமாகத்தான் தெரியும். மனைவி மஸூதா கலேவெலக்காரி. சிங்களப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். தாள் அவள் கைக்குப் போனது.

வைக்கோலை ஊறவைக்க வேண்டும், பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது என்று வாசித்தாள். அப்படியே செய்து, பின்னறையில் வைக்கோலைப் படுக்கையாக அடுக்கி, வித்தைத் தூவி, பொலித்தீன் போட்டு மூடினார்கள். அத்தோடு வேலை முடிந்ததென்று நினைத்தார் ஜைனுதீன்.

மறுநாள் காலையில் மஸூதா தாளை மறுபடியும் விரித்தாள்.

"படுக்கைக்குப் பக்கத்துல ஒரு பீப்பா தண்ணி நிக்கணுமாம்."

"எத்தனை வாளி?"

"காலையில பத்து. பின்னேரம் பத்து."

"அவ்வளவையும் வைக்கோல்ல ஊத்தவா?"

"ஊத்தினா அழுகிப்போகும். காத்துக்குத்தான் ஈரம் வேணுமாம். நீங்க கொண்டாந்து நெரப்புங்க, தெளிக்கிறத நான் பாத்துக்கிறேன்."

கிணறு சரிவின் அடியில் இருந்தது. நாற்பத்திரண்டு படி. பதினாறு வருடமாக மஸூதா ஏறி இறங்கும் படிகளை ஜைனுதீன் அன்றைக்குத்தான் எண்ணினார். ஆறாவது வாளியில் முழங்கால் தனியாகப் பேச ஆரம்பித்தது. இதை இவள் எப்படித்தான் தினமும் சுமந்தாளோ என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. ஏழாவது வாளியில் வெட்கம் போய் மூச்சிரைப்புதான் மிஞ்சியது.

காலையில் நிரப்பிய பீப்பா பின்னேரம் காலியாக இருக்கும். காற்று குடித்துவிட்டது என்பாள் மஸூதா. அந்த நாட்களில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் பளிச்சென்று இருந்ததையும் அவர் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

தாளும் நாளுக்கு நாள் வளர்ந்தது. காளானுக்கு ஒழுக்கு ஆகாது என்று புதன்கிழமை வாசித்தாள். மூன்று மழைக்காலமாக ஒழுகிய கூரை ஓடு மாற்றப்பட்டது. வெள்ளிக்கிழமை சுருட்டுப் புகை ஆகாது என்றிருந்தது. சுருட்டு வேலிக்கு வெளியே போனது. கதவு கிறீச்சிட்டால் காளான் அதிர்ந்துவிடும் என்று வந்த அன்று, ஜைனுதீன் வீட்டிலுள்ள எல்லாக் கதவுக்கும் தேங்காயெண்ணெய் போட்டார்.

பதினெட்டாம் நாள் பொலித்தீனைத் தூக்கினால், உள்ளே சின்னச் சின்ன மொட்டுகள். ஜைனுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இருபத்தைந்தாம் நாள் காலை, கடைக்குக் கராம்பு வாங்க ஒரு சிங்கள வாத்தியார் வந்தார். பெருமைக்காகச் சட்டைப் பையில் வைத்திருந்த தாளை ஜைனுதீன் நீட்டி, பத்து வாளி என்பதை எட்டாகக் குறைக்கலாமா என்று கேட்டார். வாத்தியார் வாசித்தார். திருப்பிப் பார்த்தார். இதில் வாளியே இல்லையே முதலாளி என்றார். இருந்தது நாலே வரி. ஊறவைத்துப் பிழி, வித்துப் போடு, மூடி வை, காய்ந்தால் கையால் கொஞ்சம் தெளி.

சுருட்டைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று ஜைனுதீன் மெதுவாகக் கேட்டார். வாத்தியார் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கராம்போடு போய்விட்டார்.

கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆனால் வீட்டில் விருந்து தொடங்கியிருந்தது. ஸக்கரியா மூன்றாம் முறையாக ஆணம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஒத்துக்கிறேன் மச்சான்" என்றார் ஸக்கரியா. "எப்பிடி இதைச் செஞ்சீங்க?"

இந்த ஒரு சொல்லுக்காகப் பதினாறு வருடம் காத்திருந்தவர் ஜைனுதீன். உண்மையைச் சொன்னால், நானூற்றுச் சொச்சம் வாளி தண்ணீரைச் சும்மா சுமந்தவன் என்று ஊர் சிரிக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் தாள்ல இருக்கு மச்சான். காலையில பத்து வாளி, பின்னேரம் பத்து. ஆம்பிளைதான் தூக்கணும்."

மஸூதா தலையைக் குனிந்தபடி அவருக்குச் சோறு வைத்தாள். ஸக்கரியாவின் மனைவி ஹமீமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தன் புருஷனையே பார்த்தாள். அவளும் கலேவெலச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். ஸக்கரியாவுக்கோ சிங்களத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. புறப்படும்போது அந்தத் தாளை இரவல் கேட்டாள். ஜைனுதீன் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். தாள் வீட்டைவிட்டுப் போனால் தொல்லையும் போனது.

மறுநாள் காலை சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிப் படுத்தார். மஸூதா வாளியையும் கயிற்றையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"அதான் தாளு போயிருச்சே" என்றார் ஜைனுதீன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தாளுதானே போச்சு" என்றாள் மஸூதா. "எனக்கு எல்லாம் பாடமுங்க."