தலைகளை மீட்ட கத்திரி அண்ணன்

திண்டுக்கல்லில் அதிகத் தலைகளைக் காப்பாற்றியவர் கத்திரி அண்ணன்தான். எந்த டாக்டரும் கிட்டே வர முடியாது. வேலை போய், அவரும் நானும் பழனி ரோட்டில் மேற்கே நடந்துகொண்டிருந்தபோதும் எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

வரன் பார்க்கும் வெப்சைட் ஒன்றில் அவர் புரோகிராமர். எட்டாவதோடு நின்ற நான், வருகிற போட்டோக்களை ஏற்றும் ஆள். ஏற்றியதும் சர்வரில் லைப்ரரி என்கிற ரெடிமேட் புரோகிராம் ஒன்று அவற்றைச் சுருக்கி, நடுப்பகுதியைச் சதுரமாக வெட்டிவிடும். நம்மூர் மாப்பிள்ளைகளோ டிராக்டர் பக்கத்தில் முழு உருவமாக நிற்பவர்கள். வெட்டியதில் மிஞ்சியது பெல்ட்டும் டிராக்டர் லைட்டும்.

சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா போன் செய்தார். "டிராக்டர் புடிச்சிருக்கு அப்பு. மாப்ள எங்க?"

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. முகத்தைத் தேடி, அதைச் சுற்றி மட்டும் வெட்டும்படி மாற்றி எழுதினார். திரும்பி வந்த ஒவ்வொரு தலைக்கும் "வாங்க, வாங்க" என்று கும்பிடு போட்டார். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர்.

பிறகு முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. எல்லா முகத்தையும் சர்வரே வெளுத்துவிட வேண்டுமாம்.

"ஒரே வரிதானப்பா?"

"ஒரே வரிதான் மொதலாளி. அதத்தான் எழுத மாட்டேன்."

புத்தி வரட்டும் என்று அண்ணன் முதலாளியின் படத்தையே வெளுத்துக் காட்டினார். வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சட்டையும் முகமும் கரைந்துபோய், மீசையும் கண்ணாடியும் மட்டும் மிதந்தன. முதலாளி செத்த நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏலே, நான் இம்புட்டு அழகா!"

சாயங்காலத்துக்குள் அந்த வரியை எழுது, இல்லாவிட்டால் கிளம்பு என்றார்.

அண்ணன் எழுந்துவிட்டார். "பாக்க வந்தவன் வாசல்லயே 'போட்டோல வேற ஆளு'ன்னு திரும்புனா, அவமானம் சர்வருக்கா வரும்? அந்தப் புள்ளைக்கு வரும். நான் போறேன்."

நானும் செருப்பைத் தேடினேன்.

"நீ எங்கடா போற?" என்றார் முதலாளி.

"அவரு கூட."

நடந்ததுபோக, மிச்ச தூரத்துக்கு ஒரு லாரி ஏற்றிக்கொண்டது. மறுநாள் காலை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்க ஆள் கேட்டார்கள். கடைக்காரர் அண்ணனின் கையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இந்தக் கை பேனாவையே தாங்காதுங்க. நீங்க மட்டும் வாங்க."

"ரெண்டு பேருன்னாத்தான் வாரேன்" என்றேன்.

முதல் பெட்டியை அண்ணன் மூச்சைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். அன்று முழுக்க, எல்லாப் பெட்டியையும் ரெண்டு பேராகவே தூக்கினோம்.