நாலாம் பரணும் நீங்கள் அனுப்பிய ஸ்கோப்பும்

மதிப்பிற்குரிய மைத்துனர் யார்மோ அவர்களுக்கு, கூஹ்மோவிலிருந்து உங்கள் அக்காள் கணவன் தைஸ்தோ எழுதுவது.

இங்கு உங்கள் அக்காள் ஹில்க்கா நலம், நாய் பெனி நலம், என் வலது புருவம் மட்டும் நலமில்லை. அங்கு தங்கள் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. ஹெல்சிங்கியில் நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு ஊரார் துப்பாக்கிக்கெல்லாம் யோசனை சொல்கிறவர்களுக்கு ஒரு குறை வந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வசந்தத்தில் என் துப்பாக்கிக் குழல் நுனியில் இருக்கும் குறிமுள் எனக்கு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. இரண்டுக்கும் நடுவே சுட்டால் போயிற்று என்று நான் இருந்தேன். உங்கள் அக்காள்தான் விடவில்லை. “ஏங்க, அது கண்ணா, கதவிடுக்கா? என் தம்பிகிட்ட கேளுங்க, அவனுக்கு ஸ்கோப்பு விஷயமெல்லாம் அத்துப்படி” என்றாள். கேட்டேன். என் வாழ்க்கையில் நான் எவ்வளவோ முட்டாள்தனம் செய்திருக்கிறேன், ஆனால் தொலைபேசியில் செய்தது அது ஒன்றுதான்.

நீங்கள் அனுப்பிய ஸ்கோப், துப்பாக்கி மேல் மாட்டும் அந்தத் தூரக்கண்ணாடி, பெட்டியில் வந்தது. திறந்தபோது யாருக்கோ போக வேண்டிய பால் கேன் தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஐந்து மடங்கிலிருந்து இருபத்தைந்து மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுமாம், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் காகிதத்தில் ஓட்டை போடுகிறவர்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்களாம். ஐயா, வேட்டைக்கு நான் ஏறும் நாலாம் பரணில் உட்கார்ந்தால் எதிரே எண்பது மீட்டரில் சதுப்பு முடிந்து பைன் காடு ஆரம்பித்துவிடும். அதற்கும் அப்பால் நாட்டின் எல்லை, அதைப் பார்க்க நான் ஆசைப்பட்டால் எல்லைக் காவல்காரர்கள் வந்து ஏன் என்று கேட்பார்கள்.

எங்கள் வேட்டைக் குழுவின் வழக்கம் தங்களுக்கு மறந்திருக்கும், நகரத்துக்குப் போனவர்களுக்கு நல்லதெல்லாம் மறந்துவிடுகிறது. மூஸ் மான் வேட்டைக்கு முன்னால் சுடும் தேர்வு. எழுபத்தைந்து மீட்டரில் ஓர் அட்டை மான், அதன் நெஞ்சில் ஒரு வட்டம், நாலு குண்டும் அதற்குள் போக வேண்டும். தேறாதவனுக்கு அந்த வருடம் பரண் கிடையாது. வேட்டை முடிந்து காட்டின் சொந்தக்காரர்களுக்குப் போடும் விருந்தில் அவன்தான் சூப்பு கிண்ட வேண்டும். நாலாம் பரணில் என் அப்பா உட்கார்ந்தார், அவருக்குப் பிறகு நான். இதுவரை யாரும் தோற்காததால், தேர்வுக்கே போகாத ஹில்க்காவிடம்தான் எப்போதும் சூப்புக் கரண்டி. அவளுக்கும் வேட்டை உரிமம் உண்டு, என் துப்பாக்கிக்கே அவள் பெயரிலும் அனுமதி உண்டு. இருந்தாலும் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் சமைத்தாக வேண்டுமே என்று நான் பெரிய மனதோடு சொல்லிவைத்திருந்தேன்.

சரி, மாட்டினேன். அந்தப் பெரிய கண்ணாடி குழலில் இடிக்காமல் இருக்க அதைத் தாங்கிப் பிடிக்க உயரமான வளையங்கள் வேண்டும் என்றீர்கள், உயரமான வளையங்கள் போட்டேன். போட்டதும் ஸ்கோப் என் நெற்றிக்கு நேரே போய்விட்டது. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தால் கண்ணுக்குத் தெரிவது வளையம், கண்ணை ஸ்கோப்பில் வைத்தால் தாடை அந்தரத்தில். ஹில்க்கா பின்னிய கம்பளிக் காலுறைக்குள் அதன் ஜோடியைத் திணித்துக் கட்டையின் மேல் கட்டினேன். அடுத்து, கண்ணாடிக்குள் தெரியும் குறுக்குக் கோடு நேராக நிற்க வேண்டும் என்றீர்கள். நேர் பார்க்க நம் சவுனாக் குளியல் குடிசையின் புகைபோக்கியை விட நல்லது எது என்று அதற்குச் சரியாக வைத்தேன். அது உங்கள் அப்பா கட்டியது. குளிர்காலம் தோறும் தரை உறைந்து தூக்கித் தூக்கி அந்தச் சவுனா ஏரிப் பக்கம் சாய்ந்து கிடப்பது ஊருக்கே தெரியுமாம். தினமும் அதைப் பார்த்து எழுந்த எனக்கு அதுதான் நேர். கண்ணுக்குக் கண்ணாடி போடாமலே பார்க்கலாம் என்று ஸ்கோப்பைக் கொஞ்சம் முகத்தருகே இழுத்தும் வைத்தேன், எல்லாவற்றையும் மறுநாள் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று.

அப்புறம் அந்தப் பசை. திருகாணிக்குப் பசை தடவி வெதுவெதுப்பான இடத்தில் ராத்திரி முழுக்கக் காயவிடச் சொன்னீர்கள். இந்த வீட்டில் வெதுவெதுப்பான இடம் எது? தோட்டாவெல்லாம் பெட்டியில் பூட்டிவிட்டு, துப்பாக்கியின் சுடும் பொறியையும் கழற்றிவிட்டு, சவுனாவின் மேல்பலகையில் துண்டு விரித்துப் படுக்க வைத்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை என்பதும், சனிக்கிழமை என்றால் குழுத் தலைவர் வில்யோ நம் சவுனாவுக்கு வருவார் என்பதும் என் புத்தியில் ஏறவில்லை, ஏனென்றால் என் புத்தி முழுக்க உன் பால் கேன்தான் இருந்தது. நான் விறகு எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன், வில்யோ பிறந்த மேனியாக என் துப்பாக்கி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

“தைஸ்தோ, இவரு யாரு? அறிமுகம் பண்ணி வைக்கலியே.”

“ஸ்கோப்பு. பசை காயுது.”

“அப்படியா. தண்ணி ஊத்தட்டுமா, இல்ல இவரு உடம்புக்குச் சூடு ஒத்துக்காதா?”

சவுனாவுக்கு வந்த விருந்தாளியிடம் சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்பாதே என்று சொன்னவன் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. ஊற்றினார். இன்னும் இரண்டு அகப்பை ஊற்றினார். காலையில் பார்த்தால் பசை பாறையாகிவிட்டது, ஸ்கோப் புகைபோக்கிக்கு நேராக, அதாவது ஏரிப் பக்கம் சாய்ந்து, இருக்க வேண்டிய இடத்துக்கு மூன்று விரல் பின்னால் நிற்கிறது. அதே காலையில்தான் தேர்வு.

“காட்டுக்குள்ள அஞ்சுல வெச்சுக்கங்க அத்தான், அது போதும்” என்று நீ சொன்னாய், இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து போதும் என்றால் இருபத்தைந்தை எதற்கடா எனக்கு அனுப்பினாய்? இருப்பதை அனுபவிக்காமல் விடுவானேன் என்று இருபத்தைந்திலேயே வைத்தேன். எட்டிப் பார்த்தால் பழுப்பு. அது மானா, மானை ஆணியடித்த பலகையா, என் சொந்த இமையா, ஒன்றும் புரியவில்லை. போன வருடத்து ஓட்டையை அடைத்த ஒட்டுத்தாளின் ஓரம் தெளிவாகத் தெரிந்தது, அதை ஒட்டியவனின் நகக்கீறல் கூடத் தெரிந்தது, மான் தெரியவில்லை. நேரம் ஓடுகிறதே என்று விசையை அழுத்தினேன். துப்பாக்கி பின்னால் வந்தது, உன் ஸ்கோப்பின் விளிம்பு என் புருவத்தில் பிறைநிலா போட்டது. பின்னால் நின்ற வில்யோ, “தைஸ்தோ, மான் உன்னைச் சுட்டுடுச்சா என்ன?” என்றார். ஒழுகும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டே சுட்டேன். என் வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. “பக்கத்து ஆளோட மான்ல அஞ்சு ஓட்டை இருக்கு. ஒண்ணு நீ கொடுத்ததாம், நன்றி சொல்லச் சொன்னான்” என்றார் அதே மனுஷர்.

நான் அழவில்லை, யார்மோ. காரில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அக்டோபர் காலையில் சதுப்பின் மேல் பனி கிளம்பும்போது அந்தப் பரணில் காபிக் குடுவையோடு உட்காருவதை விட்டால் வருடத்தில் எனக்கென்று வேறு என்ன இருக்கிறது? அதைப் பிடுங்கிவிட்டாய். நீ பெரிய துப்பாக்கிக்காரன்! உன் துப்பாக்கி பார்த்த மிருகமெல்லாம் அச்சகத்தில் பிறந்தவை. உயிருள்ள மூஸ் மான் ஒன்று உன் எதிரே வந்து நின்றால் நீ அதனிடம் எத்தனை மடங்கு என்றுதான் கேட்பாய். இந்தக் கடிதம் கண்டதும் வண்டியேறி வா, உன் பால் கேனை நீயே பிடுங்கிக்கொண்டு போ. வராவிட்டால் அதை ஏரியில் போடுவேன், அங்கே தூரப்பார்வை வேண்டிய மீன்கள் இருந்தாலும் இருக்கும். இனிமேல் ஸ்கோப் என்ற சொல் இந்த வீட்டில் ஒலிக்கக் கூடாது.

உன் மனைவிக்கு என் அன்பு, அவள் பாடு எனக்குத் தெரியும். குழந்தைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் அம்மாவின் புத்தியோடு நீண்ட நாள் வாழட்டும்.

இப்படிக்கு,
புருவத்தில் தையலுடன்,
தைஸ்தோ

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் இக்கடிதம் அடுத்த ஞாயிறு வரை மேசையிலேயே கிடந்தது. இதற்கிடையில் உங்கள் அக்காள் அந்தத் திருகாணிகளை ஈயம் பற்றவைக்கும் கோலால் சுட்டு, பசையை இளக்கி, ஸ்கோப்பை மூன்று விரல் முன்னால் தள்ளி, ரசமட்டம் வைத்து நேராக்கி, “ஏங்க, மடங்கு போட்டிருக்கற இந்த வளையம் திரும்புதே, திருப்பிப் பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே ஐந்தில் வைத்தாள். காலுறையை மட்டும் அவிழ்க்கவில்லை, அது நல்ல யோசனையாம். இன்று மிச்சமிருந்தவர்களுக்கு நடந்த தேர்வுக்கு அவளும் போனாள், எனக்குச் சொல்லவே இல்லை. அவள் போட்ட நாலு ஓட்டையையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம். வில்யோ என்னிடம் வந்து, “நாலாம் பரண் உங்க வீட்டைவிட்டு எங்கயும் போகலியே, அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டுக் கரண்டியை என் கையில் கொடுத்தார்.

ஆகவே தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், அந்த ஸ்கோப்பை அவள் கையிலிருந்து இனி யாராலும் வாங்க முடியாது. அடுத்த வருடத் தேர்வுக்கு எனக்கும் அதே மாதிரி ஒன்று தயவுசெய்து அனுப்பி வைக்கவும். அதற்கு முன் அவசரமாக ஒன்று தெரிய வேண்டும். சூப்புக்கு மிளகை முதலிலேயே போடுவதா, இறக்கும்போது போடுவதா? ஹில்க்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.