காலுக்குத் துணைக்குப் போனவர்

மனிதனின் மொத்த உடம்பும் உள்ளங்காலில் அடங்கியிருப்பதாகப் பாத நலத் துறை தீர்மானித்துவிட்டது. ஆகவே, பொதுமக்களின் ஆரோக்கியத்தை உத்தேசித்து, எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் உள்ளங்கால் பரிசோதனை முகாம் நடந்தது. நடத்த வந்த அதிகாரி பெயர் சுனில்.

பக்கத்து வீட்டுத் தங்கவேலு அண்ணனுக்கு ரெண்டு நாளாக நெஞ்சை அடைத்தது. மைன்ஸில் இருந்தபோதே இடது கால் போய்விட்டது. இப்போது இருப்பது ரப்பர் கால். அவர் சம்சாரம் ரத்தினம்மா அக்கா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். கோலார் போகிற ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. அதிகாரி சொன்னால்தான் ஏற்றுவார்கள்.

அதிகாரி சுவரில் தொங்கிய கால் படத்தைப் பார்த்தார். "இதயம் இடது காலில் இருக்கிறது."

"இவருக்கு நெஞ்சுல இருக்குதுங்க," என்றார் அக்கா.

"அதெல்லாம் பழைய முறை."

ரப்பர் காலைக் கழற்றி மேஜைமேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். "வலிக்கிறதா?"

"இல்லீங்க," என்று மூச்சிரைக்கச் சொன்னார் அண்ணன்.

அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "உணர்ச்சியே இல்லை! சீரியஸ்! உடனே கோலார்!"

ஸ்ட்ரெச்சர் வந்தது. ரப்பர் காலைப் படுக்க வைத்து, பெல்ட் மாட்டி, வண்டியில் ஏற்றினார்கள். அண்ணனும் ஒற்றைக் காலில் எழுந்தார்.

"நீங்கள் எங்கே?"

"இன்னா சார் அநியாயம்! ஆளை விட்டுட்டுக் காலைக் கொண்டுபோறீங்களே!" என்றார் அக்கா.

"மொத்த உடம்பும் காலில் இருக்கும்போது, மீதி உடம்பு டீசலுக்குத் தண்டம்."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரிங்க. பேஷண்டுக்குத் துணையா ஒரு ஆளை விடுவீங்களா?"

"ஒருவருக்கு அனுமதி உண்டு."

"இவரே போகட்டும். அந்தக் காலுக்கு இவரை விட்டா நெருங்கின சொந்தம் யாரும் இல்ல."

அதிகாரி ஆழ்ந்து யோசித்து, விதிகளில் தடையில்லை என்று அனுமதித்தார்.

கோலாரில் ஒரு டாக்டரம்மா, விதிமுறை தெரியாமல், துணைக்கு வந்தவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டார். நல்லவேளை! அண்ணன் பிழைத்து வந்தார். சிகிச்சையின் மாபெரும் வெற்றியைப் பாராட்டிப் பாத நலத் துறை மாலை போட்டது, காலுக்கு.

நாங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த முகாமுக்கு முதலில் போய் நின்றதும் நாங்கள்தான். வழக்கம்போல வரிசையில் இடம் பிடிக்கச் செருப்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் எல்லாருக்கும் பரிசோதனை முடிந்திருந்தது. உள்ளங்கால்தான் செருப்பில் பதிந்திருக்கிறதே, ஆள் எதற்கு?

என் செருப்புக்குச் சர்க்கரையாம். அன்றிலிருந்து நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.