வழிகாட்டிக் கருவி கண்டுபிடித்த அய்யனார்

கீரனூர் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

அப்பா மறுபடியும் ஒரு டீக்கடை முன்னால் காரை ஓரங்கட்டியிருந்தார். வெறுமனே வழி கேட்பது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. இறங்கி, டீ சொல்லி, இந்தப் பக்கம் மழை உண்டா என்று விசாரித்து, டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் ஊர்ப் பெயரை எடுப்பார். கடைக்காரரும் வழி சொல்ல மாட்டார். அடுத்து எங்கே கேட்க வேண்டும் என்றுதான் சொல்வார்.

"இங்கிட்டு நேராப் போங்க. ஒரு ரேசன் கடை வரும். அங்க கேட்டா சொல்லுவாங்க."

இப்படிக் கேட்டுக் கேட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தியின் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். (வயிறு முழுக்க டீ இருந்ததால் பெரிய நஷ்டமில்லை.) திரும்பும் வழியில் நான் அறிவித்தேன்: "நம்ம வண்டிக்கு ஒரு ஜிபிஎஸ் வாங்கப் போறேன்."

"அதான் போன்லயே இருக்கே?" என்றார் அம்மா பின்சீட்டிலிருந்து.

அந்த ஒரு கேள்வியோடு நான் அடங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அடங்குவேனா? போனில் வழி பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது அழைத்தால் சாலை மறைந்து பெரியப்பா முகம் வருகிறது. கிராமத்துக்குள் நுழைந்தால் சிக்னல் போய்விடுகிறது. வெயிலில் கண்ணாடி ஓரம் வைத்தால் போன் தோசைக்கல் ஆகிவிடுகிறது. தனிக் கருவி என்றால் சிம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், நேரே வானத்தைப் பார்த்துப் பேசிக்கொள்ளும். இதையெல்லாம் நான் ஒரு சொற்பொழிவாகவே சொல்லி முடித்தபோது அம்மா தூங்கியிருந்தார்.

திருச்சிக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் ஒரு மாதம் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். எனக்கு இரண்டே நிபந்தனைகள்: விலை என் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும், அப்பாவும் இயக்கும் அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். பின்பக்கக் கேமராவோடு வரும் கருவியைக் காட்டியபோது, "பின்னாடி பாக்கத்தான் கண்ணாடி இருக்குல்ல" என்று அப்பா தள்ளிவிட்டார். புதுக்கோட்டை கடைவீதியில் கேட்டால் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, இதெல்லாம் இப்ப யாரு கேக்குறா? நீங்க பத்து வருசம் முந்தி வந்திருக்கணும்." உலகம் தெரியாத மனிதர் என்று நான் அவருக்காக வருத்தப்பட்டேன்.

கடைசியில் ஆன்லைனில் கிடைத்தது. மலிவு. அதன் பெருமையே எளிமைதான். போக வேண்டிய இடத்தின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் போதும்; தன்னிடம் பதிவாகியிருப்பதில் பக்கத்தில் உள்ளதை அதுவே பிடித்து முதல் வரியில் வைக்கும். 'போகலாம்' என்று ஒரு பச்சைப் பொத்தான். அவ்வளவுதான். அப்பாவுக்காகவே செய்தது போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து வந்தது. மச்சானுக்கு ஊர் அறந்தாங்கி தாண்டி. அவர்கள் குலசாமி அய்யனார் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்பாடு. அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

"ஒன் மடியில வச்சுத்தான் குத்தணும்" என்று அக்கா போனில் சொன்னாள். "பத்தரைக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிரும். லேட்டாக்கிறாத. அப்பாவ டீக்கடைக்குப் போக விடாத."

"அதுக்குத்தான் கருவி வாங்கியிருக்கேன்" என்றேன். (கம்பீரமாகச் சொன்னதாக ஞாபகம்.)

காதுகுத்து அன்று காலை எங்கள் ஊர் திருக்கோகர்ணத்திலிருந்து கிளம்பினோம். முன்னால் எங்கள் கார். பின்னால் சீர்வரிசைத் தட்டுகளோடும் சொந்தக்காரர்களோடும் ஒரு வேன். எனக்கு முன்னால் யாரும் போகக் கூடாது என்று வேன் டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கருவியில் 'அய்ய' என்று தட்டினேன். முதல் வரியில் 'அய்யனார் கோயில்' என்று வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

எங்கள் மாவட்டத்தில் கண்மாய்க்கு ஓர் அய்யனார் என்பது எனக்குத் தெரியாததல்ல. கரையில் நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்தே வளர்ந்தவன். ஆனால் ஒரு வீட்டுக்கு அய்யனார் கோயில் என்றால் ஒன்றுதான். மற்றதெல்லாம் போகிற வழியில் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு. இந்தக் கணக்கு கருவிக்கும் தெரியும் என்று நான் நம்பிவிட்டேன்.

அறந்தாங்கிச் சாலையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. வலது பக்கம் திரும்பச் சொன்னது.

"மச்சான் ஊரு இன்னும் தள்ளியில்ல வரும்?" என்றார் அம்மா.

"குறுக்கு வழிம்மா."

"எதுக்கும் அந்தக் கடையில ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"அப்பா!"

 வண்டி கண்மாய்க் கரையில் ஏறி இறங்கியது. மரங்களுக்கு நடுவே மண்குதிரைகள் தெரிந்தன, பந்தல் தெரிந்தது, ஸ்பீக்கரில் சாமி பாட்டு. 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது கருவி. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றும் போய் எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

சீர்த்தட்டுகளோடு இறங்கியதுதான் தாமதம், "மாமன் வீட்டு ஆளுக வந்தாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். மேளம் எழுந்தது. பன்னீர் தெளித்தார்கள். தட்டுகளை வாங்கி வரிசையாக வைத்தார்கள். மச்சான் வீட்டுச் சொந்தங்களை நாங்கள் கல்யாணத்தன்று ஒருமுறை பார்த்ததோடு சரி. எந்த முகமும் தெரியாததில் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

"பொண்ண எங்கங்க காணோம்?" என்று அம்மா கேட்டார்.

"புள்ளைக்கு மொட்டை போட்டாச்சுல்ல, தண்ணி ஊத்திட்டு இருக்காங்க. வந்துருவாங்க. நீங்க ரெண்டு இட்லி சாப்பிடுங்க."

எல்லாம் பொருந்தியே வந்தது. அப்பா ஒரு பெரியவரைப் பிடித்து மழை விசாரணையைத் தொடங்கிவிட்டார். எனக்கு மாலை போட்டு, சந்தனம் தடவி, மணையில் உட்கார வைத்தார்கள். தலை முழுக்கச் சந்தனம் அப்பிய ஒரு மொட்டைக் குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். அது என்னைப் பார்த்து வீறிட்டது.

"மாமாடா செல்லம். மாமாவத் தெரியலையா?" என்று கொஞ்சினேன். ஒரு மாதத்தில் முகம் இவ்வளவு மாறுமா என்று ஒரு கணம் தோன்றியது. மொட்டை போட்டால் யாருக்கும் அப்படித்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார். காது குத்தும் ஆசாரி பெட்டியைத் திறந்தார். பட்டுப் பாவாடை கட்டிவிட வந்த அம்மா துண்டை விலக்கினார். அப்படியே நின்றார்.

"டேய்... இது ஆம்பளப் புள்ளடா!"

அதே நேரத்தில் பந்தலுக்கு வெளியே வெடி வெடித்தது. உண்மையான தாய்மாமன் வேட்டி சரசரக்க உள்ளே வந்தார். வந்தவர் என் கழுத்து மாலையைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார்.

"யாருய்யா இவன்? நான் உசுரோட இருக்கையில எந்த மாமனைக் கூட்டியாந்து ஒக்கார வச்சிருக்கீங்க?"

அவரைச் சமாதானப்படுத்த அப்பா ஓடிப்போய், "உங்களுக்கு எந்த ஊருங்க? அங்கிட்டு மழை உண்டா?" என்றார். அது உதவவில்லை. புடவை மாற்றிக்கொண்டு அப்போதுதான் வந்த குழந்தையின் அம்மா சிரித்த சிரிப்புதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அதற்குள் அந்த மாமன் வீட்டுத் தட்டுகளையும் எங்கள் வரிசையிலேயே வைத்துவிட்டதால் எல்லாம் கலந்துவிட்டன. எந்தத் தேங்காய் எங்களுடையது, எந்த வாழைப்பழச் சீப்பு அவர்களுடையது என்று யாருக்குத் தெரியும்? கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடினோம். மாலையைக் கழற்றக்கூட நேரமில்லை.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் போன் அடித்தது.

"எங்கடா இருக்க?"

"அய்யனார் கோயில்லக்கா."

"நானும் அய்யனார் கோயில்லதான்டா இருக்கேன்!"

அவள் பக்கத்தில் மேளச் சத்தம் கேட்டது. பிறகு அக்கா, "நேரம் முடியப் போவுதுடா" என்றாள். 

அப்பா என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். அடுத்த டீக்கடையில் நிறுத்தி, ஜன்னல் வழியாகவே கத்திக் கேட்டார். அப்பா டீ குடிக்காமல் வழி கேட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்ததும் அப்போதுதான்.

நாங்கள் போனபோது யாழினி என் பெரியப்பா மகன் செந்தில் அண்ணன் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். காதில் தோடு மின்னியது. அழுகைகூட ஓய்ந்திருந்தது. செந்தில் அண்ணன் பஸ்ஸில் வந்திருந்தார்.

"வாடா தம்பி" என்றார். "மாலையெல்லாம் போட்டுத் தயாராத்தான் வந்திருக்க."

 அக்கா எங்கள் சீர்த்தட்டிலிருந்த துணியை எடுத்து விரித்தாள். கரை போட்ட சின்ன வேட்டி.

"இது யாருக்குடா?"

மச்சான் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கழுத்து மாலையைக் கழற்ற ஆரம்பித்தேன். 

அதன் பிறகு நான் கொத்தமல்லி வாங்கக் கிளம்பினாலும் வீட்டில் யாராவது ஒருவர், "எந்த அய்யனாரு?" என்று கேட்காமல் விடுவதில்லை. காதுகுத்து ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் யாழினி, "மாமா நீ எங்க?" என்று தேடுகிறாள். எங்கோ முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் ஆல்பத்தில் நான் மாலையும் சந்தனமுமாகத் திருப்தியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று இந்தக் குழந்தைக்கு எப்படி விளக்குவது?

இப்போது அக்காவுக்கு இரண்டாவதாகப் பையன். தை மாதம் காதுகுத்து. செந்தில் அண்ணன் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. இந்த முறையாவது என் மடியில் வைக்கும்படி போன வாரம் அக்காவிடம் கெஞ்சினேன். வெகு நேரம் கழித்து, "சரி" என்றாள். "ஆனா நீயா வரக் கூடாது. மொத நாளே மச்சான் வந்து ஒன்னக் கூட்டிக்கிட்டு வருவாரு."

சீர் கொண்டுபோக வேண்டிய தாய்மாமனை, சீர்த்தட்டைப் போல அவர்களே வந்து தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்று அம்மாவுக்குக் கவலை. நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். மச்சான் காரில் முன்சீட்டில் உட்காரப் போவதில்லை. பின்சீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, அவர் இறக்கிவிடும் இடத்தில் இறங்கி, அங்கே அக்கா நிற்கிறாளா என்று நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகே மடியைக் காட்டுவதாக உத்தேசம்.