காத்தாயியின் இடுப்பும் அரசரின் கழுத்தும்

ஒரு காட்டில் காத்தாயி என்றொரு எருமை இருந்தாள். அந்தக் காட்டின் சிங்க அரசருக்கு மலைமேல் புதிதாக ஒரு சபா மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. சபை கூடியே மூன்று வருடமாகிறது, பழைய மண்டபம் சும்மாதான் கிடந்தது. இருந்தாலும் காத்தாயி அடிவாரத்திலிருந்து அதற்குக் கல் சுமந்தாள். ஒரு நாளைக்குப் பதினோரு நடை. ஆடி மாதத்தில் ஒருநாள் ஆறாவது நடையில் அவள் இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. அதன் பிறகு படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் படுக்க முடியவில்லை.

காட்டு ஆஸ்பத்திரியில் எலும்பு, தசை, மூட்டு மூன்றுக்கும் மரங்கொத்திதான் டாக்டர். நாள் முழுக்க மண்டையால் மரத்தை இடித்தும் தனக்குக் கழுத்து வலித்ததில்லை என்பதே அவருடைய பெரிய தகுதி. வலி என்று வருகிறவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று மனதுக்குள் நினைப்பார். மனதுக்குள் நினைப்பதை வாய்விட்டும் சொல்வார்.

காத்தாயி டோக்கன் வாங்கி வரிசையில் நின்றாள். உட்காரப் பெஞ்சு போட்டால் கூட்டம் கூடிவிடும் என்று நிர்வாகம் பெஞ்சு போடவில்லை. அவளுக்கு முன்னால் நின்ற முயல் பெண் பொன்னுருவி, அதே மண்டபத்துக்கு மணல் சுமப்பவள். அவளுக்கு முதுகு வலி. டாக்டர் அவளைப் பார்த்து, உடம்பில் சதையே இல்லை, அதனால்தான் வலி, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார். அடுத்து காத்தாயியைப் பார்த்து, உடம்பில் சதை அதிகம், அதனால்தான் வலி, சாப்பாட்டைக் குறைக்க வேண்டும் என்றார். இருவருக்கும் ஒரே மஞ்சள் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

காத்தாயி ஒரு மாதம் புல்லைப் பாதியாகக் குறைத்தாள். விலா எலும்பு தெரிந்தது, வலி போகவில்லை. மறுபடி போனபோது டாக்டர் வயதைக் கேட்டு, இந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்றார். மூன்றாம் முறை, எத்தனை கன்று போட்டிருக்கிறாய் என்று கேட்டார். நாலு என்றாள். டாக்டரின் முகம் மலர்ந்தது.

"ஐயா, நான் கல்லு சுமக்கிறேன். ஒரு நடைக்கு எட்டுக் கல்லு," என்றாள் காத்தாயி.

டாக்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடை, வயது, பிள்ளைப்பேறு, தூக்கம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.

"கல்லுக்குக் கட்டம் இல்லையேம்மா," என்றார். பிறகு 'கவலைப்படும் சுபாவம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

அந்த வாரம் அரசருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒரே பக்கமாகப் பதினெட்டு மணி நேரம் படுத்திருந்ததால் வந்தது. டாக்டர் வரிசையை அப்படியே விட்டுவிட்டு மலைக்குப் பறந்தார். அரசரிடம் அவர் எடையைப் பற்றியோ வயதைப் பற்றியோ பேசவில்லை. ஆட்சிப் பொறுப்பு முழுவதும் கழுத்தில் இறங்கியிருக்கிறது என்றார். எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். முன்பிருந்த டாக்டர் அதைச் சொல்லிவிட்டு எங்கே போனார் என்பதும் தெரியும். ஆகவே, அரசர் தினமும் மாலையில் காட்டைச் சுற்றிவர வேண்டும், பாதம் மட்டும் தரையில் படக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

சுமந்து பழகிய ஒருத்தி தேவைப்பட்டது. காத்தாயியைக் கூப்பிட்டார்கள். அரசரை முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பது வேலையில் சேராது, அது அவளுக்கான உடற்பயிற்சி என்று விளக்கினார்கள்.

நாலாம் நாள் குளக்கரையில் வரும்போது அவள் இடுப்பு அடியோடு விட்டுப்போனது. இன்னும் ஓர் அடி வைத்தால் விழுந்துவிடுவோம் என்று தெரிந்தது. விழுவதானால் மெத்தென்று விழலாம் என்று, முதுகில் அரசரோடு அப்படியே குளத்துக்குள் இறங்கிப் படுத்துவிட்டாள். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறியதும் வலி நின்றது. மூன்று மாதத்தில் முதல் தடவை. இனி அடித்துத் தின்றாலும் பரவாயில்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கர்ஜிப்பதற்காக அரசர் வாயைத் திறந்தார். அதற்குள் குளிர்ந்த தண்ணீரில் கழுத்து இளகிவிட்டது. இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது என் யோசனைதான்," என்றார்.

மறுவாரம் குளத்தைச் சுற்றி முள்வேலி வந்தது. 'அரசர் நீர்ச் சிகிச்சை நிலையம்' என்று பலகை வைத்தார்கள். டாக்டருக்கு 'வைத்தியத் திலகம்' பட்டம் கிடைத்தது. காத்தாயி வாசலுக்குப் போய், யாரும் இல்லாத நேரத்தில் ஓரமாகக் கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று காவலுக்கு நின்ற கழுதைப்புலியிடம் கெஞ்சினாள். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்.

"இது படுத்துக் கிடந்து வர்ற வலிக்குங்க அக்கா. உழைச்சு வர்ற வலிக்கு ஓய்வுதான் மருந்து. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தா ஒரு வாரம் லீவு உண்டு. வாங்கிட்டு வந்து ரெஸ்ட் எடுங்க."

டாக்டர் எங்கே என்று கேட்டாள். அவன் வேலிக்கு உள்ளே கையைக் காட்டினான். டாக்டர் அரசரின் பிடரிமேல் உட்கார்ந்து, தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று குறித்துக்கொண்டிருந்தார். இனி வெளி நோயாளிகளைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லையாம்.

பொழுது சாயும்வரை காத்தாயி வேலியோரம் நின்று பார்த்தாள். பிறகு மஞ்சள் மாத்திரை ஒன்றை முழுங்கிவிட்டு, மலைப் பக்கம் நொண்டி நொண்டிப் போனாள்.

நீதி: இடுப்பு வலி வராமல் இருக்க உடல் பருமன், முதுமை, பிள்ளைப்பேறு ஆகியவற்றோடு, எருமையாகப் பிறப்பதையும் ஆரம்பத்திலேயே தவிர்த்துவிட வேண்டும்.